அந்தத் தொலைபேசியை எடுத்தது சம்மதமா?

கறுப்புவெள்ளை:
ஹாலிவுட் தன்னைப் பற்றித் தானே எடுத்துக்கொண்ட படங்களை வரிசைப்படுத்தி உறுப்பினர் மூன்றாம்வரிசை சென்ற வாரம் எழுதிய கட்டுரையைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 1952இல் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக வின்சென்ட் மின்னெல்லி இயக்கிய ‘தி பேட் அண்ட் தி பியூட்டிஃபுல்’ படத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பது இதுதான்: “தங்களைக் கெடுத்த தயாரிப்பாளருடன் மீண்டும் வேலை செய்ய மூவரும் கடைசியில் சம்மதித்துவிடுகிறார்கள், திறமைசாலி எதைச் செய்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று படம் சொல்லிக்கொடுக்கிறது.”

படத்தில் அப்படி ஒரு சம்மதமே கிடையாது. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜொனதன் ஷீல்ட்ஸ் என்ற தயாரிப்பாளராகக் கிர்க் டக்ளஸ் நடித்திருக்கிறார். திவாலாகிப் பாரிஸில் இருக்கும் அவர், புதுப் படம் ஒன்றுக்காகத் தம்மால் ஒரு காலத்தில் காயப்பட்ட மூவரைத் தேடுகிறார். இயக்குநர் ஃப்ரெட் அமியல், நடிகை ஜார்ஜியா லாரிசன், எழுத்தாளர் ஜேம்ஸ் லீ பார்ட்லோ ஆகிய மூவரையும் ஸ்டூடியோ நிர்வாகி ஹாரி பெப்பல் தம் அறைக்கு அழைத்து, நடந்தவற்றை ஒவ்வொன்றாக நினைவூட்டுகிறார். அவற்றைக் கேட்ட பிறகும் மூவரும் மறுத்துவிட்டே வெளியேறுகிறார்கள். பெப்பல் உள்ளே பாரிஸுடன் பேசிக்கொண்டிருக்க, வெளியறையில் உள்ள இணைப்புத் தொலைபேசியை ஜார்ஜியா எடுத்துக் காதில் வைக்கிறார். மற்ற இருவரும் அதன் பக்கத்தில் காதைக் கொண்டுபோகிறார்கள். அதோடு படம் முடிகிறது.

இதற்குப் பெயர் ஒட்டுக்கேட்பது. ஒட்டுக்கேட்பதைச் சம்மதம் என்று எழுதியவர் கடைசி நிமிடத்தில் எழுந்து போய்விட்டார் என்றுதான் நான் நினைக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாம்வரிசை:
கட்டுரை எழுதியவன் நான்தான். நான் எழுந்து போகவில்லை; படத்தை நான்கு முறை முழுமையாகப் பார்த்திருக்கிறேன்.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நண்பர் கேள்விப்பட்டிருப்பார். இங்கே நடப்பது மௌனத்தையும் தாண்டிய காரியம். படத்தின் தொடக்கத்தில் இதே மூவரும் பாரிஸிலிருந்து வரும் அழைப்பை ஏற்க மறுக்கிறார்கள். படப்பிடிப்பில் கிரேன்மேல் உட்கார்ந்திருக்கும் அமியலிடம் அழைப்பைப் பற்றிச் சொன்னபோது அவர் இறங்கி வந்து பேசவில்லை. அதே மனிதர் படம் முடியும்போது யாரும் கூப்பிடாமலேயே காதை நீட்டுகிறார். தொலைபேசியை மறுப்பதில் தொடங்கி, தொலைபேசியை எடுப்பதில் முடியும்படி ஒரு திரைக்கதையைக் கட்டியிருக்கிறார்கள் என்றால், மூவரும் என்ன முடிவெடுத்தார்கள் என்பதை அந்தக் கட்டுமானமே சொல்லிவிடுகிறது. சார்லஸ் ஷ்னீக்கு அந்த ஆண்டு திரைக்கதைக்கான ஆஸ்கர் கிடைத்தது சும்மா அல்ல.

நிழலுருவம்:
இருவரும் தொலைபேசியை விட்டுவிட்டுக் கொஞ்சம் பூனைகளைப் பார்க்கலாமே என்று கேட்டுக்கொள்கிறேன். பூனை மனிதர்களைப் பற்றிய மலிவுப் படம் ஒன்றை எடுக்கும் பொறுப்பு ஷீல்ட்ஸுக்கும் அமியலுக்கும் வருகிறது. உடைப் பகுதியிலிருந்து வந்த பூனை வேடங்களைப் பார்த்ததும் இருவர் முகமும் வாடிவிடுகிறது, ஏனென்றால் பூனை உடை மாட்டிய ஆட்கள் பூனை உடை மாட்டிய ஆட்களைப் போலத்தான் இருக்கிறார்கள். அப்போது ஷீல்ட்ஸ் விளக்கை அணைத்துவிட்டு, மனிதர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று கேட்கிறார். இருட்டுக்கு. எனவே பூனைகளைக் காட்டாமலே எடுப்பது என்று முடிவாகிறது. பணமில்லாதவனின் மூளை எப்படி வேலை செய்யும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய காட்சியை நான் பார்த்ததில்லை. ராபர்ட் சர்ட்டீஸின் ஒளிப்பதிவு அந்த ஒரு நிமிடத்திலேயே ஆஸ்கரைச் சம்பாதித்துவிட்டது.

1942இல் ஆர்.கே.ஓ. நிறுவனத்தில் வால் லூட்டன் தயாரித்த ‘கேட் பீப்பிள்’ படத்தின் முறை இதுவே. ஷீல்ட்ஸ் யார், அதாவது எந்த நிஜ மனிதரின் சாயல், என்பதற்குப் பதில் அங்கே இருக்கிறது.

கறுப்புவெள்ளை:
பூனைகளைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ‘ஷீல்ட்ஸ் யார்’ என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மூன்றாம்வரிசைக்கு. ‘கட்டுமானம் சொல்லிவிடுகிறது’ என்கிறீர்கள். கட்டுமானம் சொல்வது வேறு, மனிதர்கள் சொல்வது வேறு. பெப்பல் அந்த அறையில் என்ன கேட்கிறார்? உங்கள் மூன்று பெயர்களையும் கொடுத்தால் இந்தப் படத்துக்குப் பணம் திரட்டிவிடலாம் என்கிறார். அவருக்குத் தேவை பெயர், கையெழுத்து. மூவரும் மறுக்கிறார்கள். அதன் பிறகு பெப்பலிடம் திரும்பிச் சென்று ‘சரி’ என்று யாராவது சொன்னார்களா? கேட்பதற்குக் காசு வேண்டாம், கையெழுத்துக்குத்தான் வாழ்க்கை வேண்டும்.

மூவரும் என்ன இழந்தார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அமியல் பல ஆண்டுகளாக நெஞ்சில் சுமந்த கதையை ஷீல்ட்ஸ் ஸ்டூடியோவில் விற்று, பெரிய செலவும் பெரிய நட்சத்திரமும் வாங்கி, இயக்குநர் நாற்காலியை வான் எல்ஸ்டைன் என்ற புகழ்பெற்ற மனிதருக்குக் கொடுத்துவிடுகிறார். செத்துப்போன தந்தையின் படத்தை மாட்டி, அவர் குரலைத் தட்டில் ஓடவிட்டுக் குடித்துக் கிடந்த ஜார்ஜியாவை, அந்தப் படத்திலேயே மீசை வரைந்து எழுப்பி நட்சத்திரமாக்கிய ஷீல்ட்ஸ், அவர் படத்தின் முதல் திரையிடல் நடந்த அதே இரவில் வேறொரு பெண்ணை வீட்டில் வைத்திருக்கிறார். விஷயம் தெரிந்து ஜார்ஜியா காரில் ஏறி ஓட்டுகிறாரே, அந்தக் காட்சியில் எதிர்வண்டிகளின் வெளிச்சம் முகத்தில் அடித்து அடித்து மறைகிறது, மழை கண்ணாடியில் வழிகிறது, அவர் அலறிக்கொண்டு கைகளை ஸ்டியரிங்கிலிருந்தே எடுத்துவிடுகிறார். அப்படி அலறிய பெண் சம்மதித்துவிட்டாள் என்று நான்கு முறை பார்த்தவர் எழுதுகிறார்.

மூன்றாம்வரிசை:
அப்படி அலறிய பெண்தான் தொலைபேசியை முதலில் எடுக்கிறாள். நீங்கள் எனக்கு எதிராகக் கொண்டுவந்த சாட்சி எனக்கே சாட்சி சொல்கிறது.

எடுத்தது அமியல் அல்ல, பார்ட்லோ அல்ல. மூவரில் அதிகமாக உடைந்தவள் எடுக்கிறாள். இதை மின்னெல்லி தற்செயலாக வைத்தார் என்று வாதாடப்போகிறீர்களா?

கிளாப்பலகை:
நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. ஆனால் அமியலைப் பற்றி இரண்டு பேரும் அவரவர் வசதிக்கு ஏற்பப் பேசுவதால் எழுத வேண்டியிருக்கிறது.

பதினொரு ஆண்டுகள் உதவி இயக்குநராக இருந்திருக்கிறேன். என் கதையை ஒரு தயாரிப்பாளரிடம் ஒரு முழு இரவு உட்கார்ந்து சொன்னேன். அவர் கண்ணில் நீர் வந்தது. எட்டு மாதம் கழித்துப் படம் தொடங்கியபோது இயக்குநர் வேறொருவர். எனக்கு ‘கதை விவாதம்’ என்ற தலைப்பின் கீழ் ஆறாவது பெயர். அதனால் அமியல் அந்த அறையில் உட்கார்ந்து, தன் படத்துக்கு இன்னொருவரை நியமிக்கும் செய்தியைக் கேட்கும்போது, அமியலாக நடித்த பாரி சல்லிவன் முகத்தில் ஒன்றுமே நடக்காததைப் போல இருப்பது எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் கோபம் வராது. ஏதோ கணக்குத் தவறிவிட்டது, இப்போது யாராவது திருத்திவிடுவார்கள் என்றுதான் தோன்றும்.

அந்தத் தயாரிப்பாளர் இன்றைக்குக் கூப்பிட்டால் நான் தொலைபேசியை எடுப்பேன். என்ன கதை என்று கேட்பேன். போக மாட்டேன். எனவே கறுப்புவெள்ளை சொல்வதுதான் சரி.

மூன்றாம்வரிசை:
உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் ‘எடுப்பேன்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எடுத்த பிறகு போக மாட்டீர்கள் என்பதை உங்கள் வாயால் சொல்லலாம், படம் சொல்லவில்லை.

கறுப்புவெள்ளை:
படம் சொல்லவில்லை என்று இப்போது ஒப்புக்கொள்கிறீர்கள். சென்ற வாரக் கட்டுரையில் “சம்மதித்துவிடுகிறார்கள்” என்று முற்றுப்புள்ளி வைத்து எழுதியது யார்?

மூன்றாம்வரிசை:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவர் எழுதிய வாக்கியத்தில் பாதியைப் பிய்த்து எடுத்துக்கொண்டு வெற்றி கொண்டாடும் பழக்கம் உங்களுக்கு இயக்குநர் பில்லி வைல்டர் பற்றிய விவாத இழையிலேயே இருந்தது. அன்றைக்கும் நான் பொறுத்துப்போனேன்.

நிழலுருவம்:
பழைய இழையைத் தோண்ட வேண்டாம். ஷீல்ட்ஸ் யார் என்பதற்குப் பதில் சொல்வதாகக் கறுப்புவெள்ளை சொல்லியிருந்தார், காத்திருக்கிறேன்.

கறுப்புவெள்ளை:
சொல்கிறேன். ஷீல்ட்ஸின் முதல் மாதிரி ஹாலிவுட் தயாரிப்பாளர் டேவிட் ஓ. செல்ஸ்னிக். அவர் தந்தை லூயிஸ் செல்ஸ்னிக்கின் பட நிறுவனம் 1923இல் திவாலானது. தந்தை விட்ட இடத்தை மகன் பிடிக்கக் கிளம்பினார். படத்திலும் அப்படித்தான். ஷீல்ட்ஸின் தந்தை எல்லோரிடமும் பகை சம்பாதித்து, பணமில்லாமல் சாகிறார். சவ அடக்கத்துக்கு ஆள் வராது என்று தெரிந்து, மகன் துணைநடிகர்களைக் கூலிக்கு அமர்த்தி அழவைக்கிறான். அந்தக் கூலி ஆட்களில் ஒருவனாக வந்து, செத்தவரைப் பற்றி வாய்விட்டுப் பேசி, பக்கத்தில் நிற்பது மகன் என்று தெரியாமல் மாட்டிக்கொள்கிறவன்தான் அமியல். அவர்கள் நட்பே அங்கேதான் தொடங்குகிறது. பார்ட்லோவின் அமெரிக்கத் தென்னாட்டு நாவலைப் பெரும் பொருட்செலவில் படமாக்கும் பகுதியைப் பார்க்கிறவருக்கு 1939இல் செல்ஸ்னிக் எடுத்த ‘கான் வித் தி விண்ட்’ நினைவுக்கு வராமல் இருக்காது.

வால் லூட்டன் அந்தச் செல்ஸ்னிக்கிடம் கதைப் பகுதியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஆக, பூனைப் படத்தை லூட்டனிடமிருந்து எடுத்துச் செல்ஸ்னிக் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஒருவர் உழைப்பை இன்னொருவர் கணக்கில் எழுதுவதைப் பற்றிய படம், தானும் அதையே செய்திருக்கிறது. இதை ஒருவரும் எழுதாதது எனக்கு நெடுநாள் வருத்தம்.

நிழலுருவம்:
எனக்கு மறுப்பு இருக்கிறது. ஒரே மனிதரை முன்வைத்து எழுதியிருந்தால் ஷீல்ட்ஸுக்கு இவ்வளவு உயிர் வந்திருக்காது. தயாரிப்பாளர் ஜான் ஹவுஸ்மன் யார் என்பதை மறந்துவிட்டீர்கள். இயக்குநர் ஆர்சன் வெல்ஸுடன் சேர்ந்து மெர்குரி நாடகக் குழுவை 1937இல் நிறுவியவர். அவருடன் கசந்து பிரிந்தவர். வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’ எழுதப்பட்டபோது திரைக்கதையாசிரியர் ஹெர்மன் மேங்கிவிச் பக்கத்தில் இருந்து உதவியவர். ஒருவனைப் பற்றிப் பலர் தங்கள் தங்கள் நினைவிலிருந்து சொல்ல, அவன் மட்டும் நேரில் வராமல் இருக்கும் அமைப்பு அந்தக் ‘கேன்’ படத்திலிருந்து வந்தது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அமியலுக்கும் ஷீல்ட்ஸுக்கும் நடுவே உள்ள கசப்பில் ஹவுஸ்மனின் சொந்தக் கசப்பு இல்லை என்று யார் சொல்ல முடியும்?

கறுப்புவெள்ளை:
கசப்பு இருக்கலாம் என்பது ஊகம். தந்தை, திவால், தென்னாட்டு நாவல் என்று நான் கொடுத்தவை கண்முன் இருப்பவை. ஊகத்தையும் கண்முன் இருப்பதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

பால்கனி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இந்த வாதத்துக்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. 1962இல் மின்னெல்லி, கிர்க் டக்ளஸ், ஹவுஸ்மன், ஷ்னீ, இசையமைப்பாளர் டேவிட் ராக்சின் ஆகிய அதே ஆட்கள் சேர்ந்து ‘டூ வீக்ஸ் இன் அனதர் டவுன்’ எடுத்தார்கள். ரோம் நகரில் நடக்கும் அந்தப் படத்தில் முதல் படத்தின் காட்சியையே திரையிட்டுக் காட்டுகிறார்கள். அது இதன் இரண்டாம் பாகம். அதில் மூவரும் இல்லை. எனவே அவர்கள் சம்மதிக்கவில்லை.

மூன்றாம்வரிசை:
அது இரண்டாம் பாகம் அல்ல. அதில் டக்ளஸ் நடிக்கும் பாத்திரம் ஜாக் ஆண்ட்ரஸ் என்ற நடிகன். ஷீல்ட்ஸ் என்ற தயாரிப்பாளர் அல்ல. கதை இர்வின் ஷாவின் நாவலிலிருந்து வந்தது. முதல் படத்தின் காட்சியை ஆண்ட்ரஸ் முன்பு நடித்த படமாகத்தான் காட்டுகிறார்கள். அதாவது அந்த உலகத்தில் ஷீல்ட்ஸே ஒரு திரைப்படப் பாத்திரம். அங்கிருந்து விடை எடுக்க முடியாது.

கறுப்புவெள்ளை:
இந்த ஒன்றில் மூன்றாம்வரிசை சொன்னது சரி. பால்கனி அவர்கள் என் பக்கம் நின்றாலும், தவறான காரணத்தோடு வருகிறவரை நான் ஏற்பதற்கில்லை.

பால்கனி:
ஆதரவு சொல்ல வந்தவனுக்குக் கிடைத்த மரியாதையைக் குறித்துக்கொண்டேன். இனி இந்த இழையில் உங்கள் பக்கம் நிற்க மாட்டேன். ஜார்ஜியா சம்மதித்தாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஓரவிளக்கு:
மூன்று பேரைப் பற்றி இத்தனை பதிவுகள் எழுதியாகிவிட்டது. நான்காவதாக ஒருத்தி இருக்கிறாள், அவள் பெயரை ஒருவரும் எழுதவில்லை. பார்ட்லோவின் மனைவி ரோஸ்மேரி. கணவன் எழுதும்போது அறைக்குள் வந்து வந்து தொந்தரவு செய்கிறாள் என்பதற்காக, ஷீல்ட்ஸ் பார்ட்லோவை ஏரிக்கரைக் குடிலுக்கு அழைத்துப் போய்விட்டு, அவளைக் கவனித்துக்கொள்ளும்படி கௌச்சோ என்ற நடிகனிடம் ஒப்படைக்கிறார். அவள் அவனோடு விமானத்தில் போய் விபத்தில் சாகிறாள். ஷீல்ட்ஸ் வாய் தவறி உளறும்போதுதான் பார்ட்லோவுக்கே விஷயம் தெரிகிறது. அதற்குப் பிறகு பார்ட்லோ மனைவியைப் பற்றி ஒரு நாவல் எழுதிப் புலிட்சர் பரிசு வாங்குகிறார். பெப்பல் அதைச் சுட்டிக்காட்டி, ஷீல்ட்ஸ் உனக்கு நல்லது செய்திருக்கிறான் என்கிற பொருள்படப் பேசுகிறார்.

இயக்குநருக்குப் படம் போனது, நடிகைக்குக் காதல் போனது, இவளுக்கு உயிர் போனது. தொலைபேசியில் காது வைக்க அவள் இல்லை. சம்மதமா இல்லையா என்று அவளிடம் கேட்க ஆளில்லை. ரோஸ்மேரியாக நடித்த குளோரியா கிரஹாம் திரையில் சுமார் ஒன்பது நிமிடம்தான் வருகிறார். அதற்குத் துணைநடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது. அந்த ஒன்பது நிமிடத்தை விட்டுவிட்டுக் கடைசி அரை நிமிடத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்.

கறுப்புவெள்ளை:
ஓரவிளக்கு சொன்னது முக்கியமானது, அது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. மனைவி இறந்ததற்குக் காரணமானவனிடம் பார்ட்லோ எப்படிச் சம்மதிப்பார்? ஆகவே கேட்கிறார், அவ்வளவே.

ஓரவிளக்கு:
நான் உங்கள் வாதத்துக்கு வலுச் சேர்க்க எழுதவில்லை. ரோஸ்மேரியைப் பற்றி எழுதினேன். அவளையும் ஷீல்ட்ஸைப் போலவே பயன்படுத்திக்கொள்கிறீர்கள்.

மூன்றாம்வரிசை:
நான் கேட்க நினைத்ததை ஓரவிளக்கு கேட்டுவிட்டார்.

பார்ட்லோவைப் பற்றி ஒன்று. அவராக நடித்த டிக் பவல் கடைசிக் காட்சியில் நிற்கும் நிலையைப் பாருங்கள். கேட்க வெட்கப்படுகிறவன் தள்ளி நிற்பான். அவர் நெருங்குகிறார். மனைவியைப் பறிகொடுத்தவர் நெருங்குகிறார் என்பதுதான் அந்தக் காட்சியின் பயங்கரம். அதை ‘ஆர்வத்தால் கேட்டார்’ என்று சுருக்குகிறவர் படத்தின் கொடுமையைக் குறைத்துச் சொல்கிறார். நான் படத்தைக் குறை சொல்லி எழுதினேன் என்று உங்களுக்குக் கோபம். உண்மையில் படத்தை அதன் கசப்போடு ஏற்றுக்கொள்பவன் நான். இனிப்புத் தடவுகிறவர் நீங்கள்.

கறுப்புவெள்ளை:
‘இனிப்புத் தடவுகிறவர்’ என்ற சொல்லுக்குப் பதில் சொல்லாமல் விட முடியாது.

இருபத்தாறு ஆண்டுகளாக இந்தப் படத்தைப் பார்த்து வருகிறேன். முதலில் ஒரு திரைப்படச் சங்கத்தின் பழைய கூடத்தில், நடுவில் இரண்டு முறை அறுந்துபோன பிரதியில், வசனம் பாதி புரியாமல் பார்த்தேன். அன்று அந்தக் கடைசிக் காட்சி முடிந்து விளக்குப் போட்ட பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த முதியவர், “என்ன சொல்லியிருப்பான்?” என்று கேட்டார். ‘இவர்கள் போவார்களா’ என்று அவர் கேட்கவில்லை. தொலைபேசியின் மறுமுனையில் ஷீல்ட்ஸ் என்ன கதை சொல்கிறான் என்பதே அவர் கவலை. ஜார்ஜியாவுக்கும் அதே கவலைதான். நல்ல கதை ஒன்று எங்கோ பேசப்படுகிறது என்று தெரிந்தால், இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்குக் காது தானாகப் போகும். அதற்கு மன்னிப்பு என்றும் பெயரில்லை, சம்மதம் என்றும் பெயரில்லை.

பெருமை பேசுவதாக நினைக்க வேண்டாம். ‘சம்மதம்’ என்ற சொல்லைத் திரும்பப் பெறாத வரை இந்த இழையை நான் விடப்போவதில்லை.

மூன்றாம்வரிசை:
திரும்பப் பெற மாட்டேன். இருபத்தாறு ஆண்டு என்பது வாதம் அல்ல, வயது.

‘காது தானாகப் போகும்’ என்று இவ்வளவு அழகாக எழுதிவிட்டு, காலும் அதன் பின்னால் போகும் என்பதை மட்டும் ஏன் மறுக்கிறீர்கள்?

நிழலுருவம்:
தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இருவரும் நிற்கிறீர்கள். நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. அந்த ஆண்டு இந்தப் படத்துக்கு ஐந்து ஆஸ்கர் கிடைத்தது, ஆனால் சிறந்த படத்துக்கான பரிந்துரைப் பட்டியலில்கூட இடம் இல்லை. மின்னெல்லிக்கும் பரிந்துரை இல்லை. அந்தப் பரிசு ‘தி கிரேட்டஸ்ட் ஷோ ஆன் எர்த்’ படத்துக்குப் போனது. தன்னைப் பற்றி இப்படி ஒரு படம் எடுத்தவர்களை ஹாலிவுட் எப்படிப் பார்த்தது என்பதற்கு இது சாட்சி இல்லையா? இதை யாராவது பேசலாமே.

மூன்றாம்வரிசை:
நடிகை, ஒளிப்பதிவு, கலை, உடை, திரைக்கதை என்று ஐந்தைக் கையில் கொடுத்தவர்கள் வெறுத்தார்கள் என்று சொல்ல முடியாது. அவர்களும் தொலைபேசியை எடுத்தவர்கள்தான்.

கறுப்புவெள்ளை:
எடுத்தார்கள். சிறந்த படம் என்று கையெழுத்துப் போட்டார்களா? இல்லை. எடுப்பதும் சம்மதிப்பதும் ஒன்றல்ல என்று நான் முதல் பதிவிலிருந்து சொல்வதை நீங்களே உதாரணத்தோடு நிரூபித்துவிட்டீர்கள்.

கிளாப்பலகை:
நேற்று என் பெயரைச் சொல்லிக் கறுப்புவெள்ளை வேறொரு இழையில், ‘பாதிக்கப்பட்ட உதவி இயக்குநர் ஒருவரே எனக்குச் சாட்சி’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். நான் யாருக்கும் சாட்சி அல்ல. அதை நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கறுப்புவெள்ளை:
நீங்கள் பொதுவில் எழுதியதைத்தான் எடுத்தேன். “எடுப்பேன், போக மாட்டேன்” என்பது உங்கள் வாக்கியம்.

கிளாப்பலகை:
என் வாக்கியம்தான். என் கதையும் என் கதையாகத்தான் இருந்தது.

மூன்றாம்வரிசை:
நீக்குங்கள், கறுப்புவெள்ளை.

கறுப்புவெள்ளை:
கட்டுரையில் உள்ள அந்த வரியை நீங்கள் நீக்குங்கள், நானும் நீக்குகிறேன். அதுவரை மீண்டும் ஒரு முறை: பெப்பல் உள்ளறையில் இருக்கிறார், மூவரும் வெளியறையில் இருக்கிறார்கள், நடுவில் கதவு மூடியிருக்கிறது. அந்தக் கதவை ஒருவரும் திறக்கவில்லை.